மண்டபத்தை வாடகைக் கடையாக்காதீர்கள்: அறக்கட்டளை நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற வாரம் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிக்கையைப் படித்தோம். அடுத்த மாதம் முதல் எங்கள் திரைப்படச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் திரையிடல்கள் ‘வணிகப் பயன்பாடு’ என்ற வகையில் சேர்க்கப்படும் என்றும், அதற்கான வாடகை ஜவுளி விற்பனைக் கண்காட்சிகளுக்கு வாங்கப்படும் அதே தொகையாக இருக்கும் என்றும், திரையிடவிருக்கும் படங்களின் பட்டியலை ஒரு மாதத்துக்கு முன்பே குழுவிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும், படம் முடிந்த பின் கலந்துரையாடல் எதுவும் நடத்தக் கூடாது என்றும் அதில் கண்டிருக்கிறது. மாதத்தில் இரண்டு மாலைகள் அந்த மண்டபத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எங்களில் ஒருவரைக்கூட அழைத்துப் பேசாமல் எடுக்கப்பட்ட முடிவு இது. இதை வாய்மூடி ஏற்றுக்கொள்ள எங்களால் இயலாது என்பதால், மதுரை ஊரார் அனைவரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ‘வணிகம்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் திரையிடலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சந்தா கட்டுகிறார்கள்; மாணவர்களிடம் அதையும் வாங்குவதில்லை; வாசலில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும், மனமிருப்பவர்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேரும் பணம் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் போக, மிஞ்சினால் தேநீருக்கு ஆகும். வாடகை பாக்கி என்று உங்கள் கணக்கர் எங்களை ஒருமுறையும் கேட்க நேர்ந்ததில்லை. ரசீதுகள் அத்தனையும் எங்களிடம் இருக்கின்றன. மண்டபத்தின் சன்னல்களுக்கு இன்று தொங்கும் கறுப்புத் திரைகள் செல்லூரில் தையற்கடை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தவை. உங்கள் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் பாராட்டு விழாக்களிலும் நீங்கள் பயன்படுத்தும் வெண்திரை எங்கள் சந்தாப் பணத்தில் வாங்கியது. அதற்காக எப்போதும் கணக்குக் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. ஆனால் இதையெல்லாம் செய்தவர்களை லாபநோக்குள்ளவர்கள் என்று பலகையில் எழுதி ஒட்டுவதற்கு முன் ஒருகணம் யோசித்திருக்கலாம்.

நீங்கள் கேட்கும் புதிய வாடகை இப்போது கொடுப்பதைப் போல் நான்கு மடங்கு. அதைக் கட்ட வேண்டுமானால் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி, வாசலில் மேசை போட்டு டிக்கெட் கிழிப்பதுதான். அதாவது நாங்கள் செய்யாத வணிகத்தைச் செய்யும்படி உங்கள் அறிக்கையே எங்களைத் தள்ளுகிறது. அப்படி டிக்கெட் வைத்தால் முதலில் வராமல் நின்றுபோகிறவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும்: தறிவேலை முடித்துக் குளித்துவிட்டு நேராக வருகிறவர்கள், சிம்மக்கல் பக்கம் பூக்கட்டும் இரண்டு சகோதரிகள், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பள்ளி ஆசிரியர்கள், கையில் பேருந்துக் காசு மட்டுமே வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள். காசு கொடுத்துப் படம் பார்க்க வசதியுள்ளவர்களுக்கு இந்த ஊரில் குளிரூட்டப்பட்ட அரங்குகள் தாராளமாக இருக்கின்றன. அங்கே எங்கள் படங்கள் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

உங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் எங்கள் உறுப்பினர் ஒருவரிடம், “பழைய படந்தானே, எல்லாம் யூடியூபில் கிடக்கிறது, வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று சொன்னாராம். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். பலருக்கும் இருக்கும் எண்ணம் இது என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1950களின் நடுப்பகுதி வரையிலான நம் படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருக்கமான சட்டகத்தில், அதாவது நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் தொலைக்காட்சித் திரையை நிரப்ப வேண்டும் என்பதற்காக மேலேயும் கீழேயும் வெட்டி ஏற்றிவிடுகிறார்கள். நடிகரின் நெற்றி போய்விடும். தரையில் விழுந்த நிழல் போய்விடும். மூலையில் சேனலின் சின்னம் ஒன்று படம் முழுக்க உட்கார்ந்திருக்கும். ஒலி எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். இருக்கும் பிரதியிலும் பாட்டு நீளம் என்று ஒரு துண்டு, தொய்வு என்று ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டே கிடையாது. வெளிச்சமும் இருட்டும் சேர்ந்துதான் கதையை நடத்துகின்றன. பாதி முகம் இருளில் இருக்கும்படி அமைத்த ஒரு காட்சியைக் கைப்பேசியில், உச்சிவெயில் அடிக்கும் வராந்தாவில் பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு கறுப்புப் பட்டைதான். அந்தப் படத்தை மண்டபத்தில் திரையிட்ட மாலையில், சிவாஜி படம் என்று ஆசையாக வந்த பெரியவர்கள் சிலர் அரைமணி நேரத்தில் “என்னப்பா, ஒரு பாட்டைக்கூடக் காணோம்” என்று முணுமுணுத்தார்கள். எழுந்து போனவர் ஒருவருமில்லை. கொலையைச் செய்தது யார் என்று இடைவேளையில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடந்த வாக்குவாதத்தை அடக்க நான்தான் விளக்கைப் போட்டு அணைக்க வேண்டியிருந்தது. (யார் செய்தது என்பதை இங்கே எழுதமாட்டேன், உங்களில் பார்க்காதவர்கள் இருக்கலாம்.)

எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒருவர், ஒரு காலத்தில் நகரின் பெரிய தியேட்டர் ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்தவர். நடைபாதையை ஒட்டிய கடைசி நாற்காலி அவருடையது. பழைய பிரதியிலிருந்து கணினிக்கு மாற்றிய படங்களில் திரையின் வலதுபக்க மேல்மூலையில் அவ்வப்போது ஒரு சிறு புள்ளி மின்னி மறைவதை நீங்கள் கவனித்திருக்கலாம். நாங்கள் அதைப் பிரதியில் உள்ள கறை என்றே நினைத்திருந்தோம். அவர்தான் விளக்கினார். ஒரு சுருள் முடியப்போகிறது என்று ஆப்பரேட்டருக்குச் சொல்லும் குறி அது. முதல் புள்ளியைக் கண்டதும் இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரை ஓட விட வேண்டும். சில நொடிகள் கழித்து அடுத்த புள்ளி வந்ததும் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மாறியதே தெரியக் கூடாது. இன்றும் எங்கள் திரையில் முதல் புள்ளி வரும்போது அவருடைய வலதுகை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து தானாக எழும். இரண்டாவது வரும்போது “மாத்து” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். இப்போது கல்லூரி மாணவர்கள் அவர் பக்கத்தில் இடம்பிடிக்கப் போட்டி போடுகிறார்கள். புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியை எப்படிச் சரிசெய்தார்கள், பிலிம் அறுந்தால் எத்தனை நொடியில் ஒட்டினார்கள் என்பதையெல்லாம் அவர்கள் தெரிந்துகொண்டது அந்தக் கடைசி நாற்காலியில்தான். இதற்கு யூடியூபில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இருப்பவை இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறானது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளியானது; அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதற்கு முன் ஆர். நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படமான ‘கீசக வத’மும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. பின்னால் வந்த அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து காடி (வினிகர்) நாற்றம் எடுக்கும். இவற்றுக்குத் தப்பியவற்றில் பல, அதிலிருக்கும் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டு, அதை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் பழைய படங்களை ஊர் ஊராகத் தேடத் தொடங்கியபோது, நாம் பேசும்படம் எடுக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன. பழங்காலத்தில்தான் இந்தக் கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. தம் முக்கியமான சில படங்களின் நெகட்டிவே இன்று இல்லை என்று பாலு மகேந்திரா வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். 1988இல் வெளிவந்த ‘வீடு’ அவற்றில் ஒன்று. ஒரு படத்தைக் கேட்க ஆள் இருந்தால்தான் அதை வைத்திருப்பவர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். நாங்கள் ஒரு படத்துக்கு அனுமதி கேட்டுத் தயாரிப்பாளரின் குடும்பத்தைத் தேடிப்பிடித்தபோது, மகன் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் படம் இன்னும் இருக்கா சார்?” என்பதுதான்.

அனுமதியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் ‘உரிமம் இல்லாத திரையிடல்’ என்று ஒரு சொல் வருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1950களின் படங்கள் அந்த எல்லையைத் தாண்டியவை. அதற்குப் பிந்தைய படங்களுக்கு உரிமையாளரிடம் கடிதம் வாங்கியே திரையிடுகிறோம். கடிதம் கிடைக்காத படத்தைத் திரையிடுவதில்லை. கோப்பு எங்களிடம் இருக்கிறது, எந்நேரமும் பார்க்கலாம்.

இனி, என்னை மிகவும் வருத்திய விதிக்கு வருகிறேன். படம் முடிந்தபின் பேசக் கூடாது என்கிறீர்கள். திரைப்படச் சங்கம் என்ற ஏற்பாடே பேசுவதற்காக உண்டானது. சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் 1947இல் கல்கத்தாவில் தொடங்கியதும், 1959இல் நாடு முழுவதுமுள்ள சங்கங்கள் கூட்டமைப்பாகி ராயைத் தலைவராக்கிக்கொண்டதும், 1965இல் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா சங்கத்தைத் தொடங்கியதும் படம் பார்த்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போவதற்காக அல்ல. எங்கள் மண்டபத்தில் என்ன பேசுகிறோம் என்று உங்களுக்கு ஐயம் இருக்கலாம். ஒரு மாலையைச் சொல்கிறேன்.

‘வீடு’ திரையிட்டோம். ஓர் இளம்பெண் சென்னையில் சொந்தமாகச் சிறு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சூழ்ச்சி செய்யும் வில்லன் என்று யாரும் இல்லை, கடனும் ஒப்பந்தக்காரரும் அலுவலக மேசைகளும்தான். படம் முடிந்ததும் கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, அந்த ஒப்பந்தக்காரர் சிமெண்டில் எந்த இடத்தில் கைவைத்திருப்பார், அதைக் கட்டுகிறவர் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று கால்மணி நேரம் பேசினார். சித்தாள் மங்கம்மா தட்டிக்கேட்கும் இடம் தன்னைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம், மறுநாள் வேலை போய்விடும் என்று ஒரு பெண் மறுத்தார்; அதற்கு அந்தக் கொத்தனாரே, “போகும், ஆனா சொல்றவங்க இருக்காங்க” என்றார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் பேருந்தேறி வரும் அந்த முதியவராக நடித்த சொக்கலிங்க பாகவதரைப் பற்றி, நாடகக் கம்பெனிகளை நேரில் கண்ட ஒருவர் பேசினார். ஒரு மாணவி, முடிவு நியாயமே இல்லை என்று சண்டைக்கு வந்தாள். இப்படியொரு பேச்சு இந்த ஊரில் வேறு எங்கே நடக்கிறது? கொத்தனாரும் பேராசிரியரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சம உரிமையோடு பேசும் இடம் என்று இன்னொன்றைக் காட்டினால், நாங்கள் அங்கே போய்விடுகிறோம்.

பட்டியலுக்கு முன்ஒப்புதல் என்பதும் இதே மனப்போக்கிலிருந்து வந்ததுதான். ‘குடும்பத்துடன் பார்க்கத்தக்க’ படங்கள் மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் திரையிடும் தமிழ்ப் படங்கள் தணிக்கைச் சான்று பெற்றவை. அரசு வைத்திருக்கும் ஒரு தணிக்கைக் குழு போதாதென்று மண்டபத்துக்கு ஒன்று தேவையா? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்புக்கு அஞ்சிக் கடைசியில் கைவிட்டது. யாரோ சிலர் முகம் சுளிப்பார்கள் என்று முன்கூட்டியே அஞ்சும் குழுக்கள் இருக்கும்வரை இப்படிப்பட்ட படங்கள் பட்டியலிலேயே ஏறா. உங்கள் குழுவினர் எந்தப் படத்தையும் குறைகூறலாம், திரையிடல் முடிந்தபின் எழுந்து நின்று கடுமையாகவே பேசலாம். ஆனால் அதற்கும் நீங்கள் தடை செய்திருக்கும் அந்தக் கலந்துரையாடல் வேண்டும்.

இது சினிமாவை அறியாத ஊரும் அல்ல. 1937இல் வந்த ‘சிந்தாமணி’யின் லாபத்தில், அதைத் தயாரித்த ராயல் டாக்கீஸார் இங்கே ஒரு தியேட்டரைக் கட்டி அதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள். 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று நம் பெரியவர்கள் இன்றும் பெருமை பேசுவார்கள். இரண்டும் இன்று இல்லை. ஜவுளிக்கடைகளிடம் தியேட்டர்களைக் கொடுத்துப் பழகிய ஊர்தான் நம்முடையது என்றாலும், பொதுமண்டபம் ஒன்று தன்னைத் தானே ஜவுளிக் கண்காட்சியோடு ஒப்பிட்டுக்கொண்டு விலை வைப்பதைப் பார்ப்பது இதுவே முதல்முறை.

வேறொரு முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை நடந்தது, மாலையில் அதே கட்டடம் ரீகல் தியேட்டராகி ஆங்கிலப் படம் ஓட்டியது. மதுரையில் இரண்டு தலைமுறை உலக சினிமாவைப் பார்த்தது அப்படித்தான். வாசிப்பும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று அந்த மன்றத்தை நடத்தியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் மண்டபத்தின் வாசற்கல்வெட்டிலும் ‘பொதுமக்களின் அறிவு வளர்ச்சிக்காக’ என்றே பொறித்திருக்கிறது.

உங்கள் தரப்பில் நியாயமான குறை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலந்துரையாடல் நீளும் நாட்களில் காவலாளி பூட்டுவதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வீடு மேலூர்ப் பக்கம், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இதற்குத் தீர்வு எளிது. இரவு ஒன்பது மணிக்குள் மண்டபத்தைக் காலிசெய்து தருகிறோம். அதற்காக ஐந்தரைக்குத் தொடங்கும் படத்தை ஐந்துக்கே தொடங்குகிறோம். காவலாளியின் கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தை நாங்களே தருகிறோம். மின்கட்டணம் உயர்ந்திருப்பதால் வாடகையில் அதற்கேற்ற உயர்வு வேண்டுமென்றால் அதையும் பேசித் தீர்க்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை. பலகையில் ஒட்டியிருக்கும் அறிக்கையை உடனே திரும்பப் பெற்று, எங்கள் திரையிடலை வணிகப் பயன்பாடு என்று வகைப்படுத்தியதை நீக்க வேண்டும். உங்கள் அடுத்த கூட்டத்தில் எங்கள் பிரதிநிதிகள் மூவருக்குப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் பேச்சு முடியும்வரை பழைய வாடகையே தொடர வேண்டும். படப்பட்டியலை ஊரார் அறியும்படி முன்கூட்டியே வெளியிடுகிறோம், உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறோம். ஆனால் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியை அடியோடு விலக்க வேண்டும். கலந்துரையாடலுக்கான தடையை நீக்க வேண்டும். இதில் எங்களால் பாதி வழிகூட இறங்கிவர இயலாது. இம்முடிவை எந்தக் கூட்டத்தில், யாருடைய முறையீட்டின் பேரில் எடுத்தீர்கள் என்பதைக் காட்டும் தீர்மான நகலையும் எங்களுக்குத் தர வேண்டும்.

அடுத்த திரையிடல் இம்மாதத்தின் நான்காவது ஞாயிறு. அதற்கான வாடகையைப் பழைய கணக்கிலேயே ஏற்கெனவே கட்டிவிட்டோம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர்,
மதுரை